"எழுத்தில் கொடுங்கள்": ஒரு செய்தி அறையின் மூன்று இரவுகள்

ஆறேழு ஆண்டுகளுக்கு முன், ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, செய்தி அறைத் தொலைபேசியில் தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். "உங்க சேனல் மட்டும் எங்க வீட்டுல வரலீங்க, மத்ததெல்லாம் வருது. என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் அப்போது ஒரு தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியில் இரவுப் பணியின் பொறுப்பாசிரியராக இருந்தேன். வீட்டு இணைப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து, செட்டாப் பாக்ஸை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுத்த பத்து நிமிடங்களுக்குள் அதே மாவட்டத்திலிருந்து ஏழெட்டு அழைப்புகள் வந்தன. ஒளிபரப்பைக் கவனிக்கும் மையக் கட்டுப்பாட்டு அறையான எம்சிஆருக்குப் போய் விசாரித்தேன். செயற்கைக்கோளுக்கு எங்கள் அலைவரிசை சரியாகவே போய்க்கொண்டிருந்தது. டிடிஎச் வைத்திருந்தவர்களுக்குப் படம் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்து மாவட்டத்துக் கேபிளிலும் வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு மாவட்டத்தின் கேபிள் இணைப்புகளில் மட்டும் எங்கள் எண்ணை அழுத்தினால் நீலத் திரைதான் வந்தது.

அன்று பகலில் அங்கே நில எடுப்பை எதிர்த்து நடந்த மறியலில் தடியடி நடந்திருந்தது. எங்கள் மாவட்டச் செய்தியாளர் ஒரு மாடியிலிருந்து எடுத்த நாற்பது விநாடிக் காட்சியில், கீழே விழுந்து கிடந்த ஒரு பெண்ணை இரண்டு காவலர்கள் அடிப்பது தெரிந்தது. மதியம் ஒரு மணிச் செய்தியிலிருந்து அதை ஒளிபரப்பினோம். மாலை நான்கு மணிக்குச் செய்தியாளரை யாரோ தொலைபேசியில் அழைத்து, "அதை நிறுத்தச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். இரவு எட்டரைக்குப் பிறகு அந்த மாவட்டத்தில் நாங்கள் இல்லை. நான் செய்தியாளரை அழைத்தபோது, "சார், ஆபரேட்டரைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். மேலிடத்துலேர்ந்து போன் வந்துச்சாம், எடுத்துட்டாங்களாம். பேப்பர் எதுவும் இல்ல சார், வாய்ச்சொல்லுதான்" என்றார்.

அந்த "வாய்ச்சொல்லுதான்" என்பதைப் பற்றியே இதை எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரியும்: எழுத்தில் வந்த தடை உத்தரவுகளால் நாங்கள் இழந்த செய்திகள் மிகச் சில. எழுத்தே இல்லாத ஒரு தொலைபேசி அழைப்பால் இழந்தவை கணக்கில் அடங்காதவை.

அச்சுப் பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் இதில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது தில்லியில் நாளிதழ்கள் இயங்கிய பகுதியில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. தணிக்கை வந்தது. ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தன் தலையங்கத்தின் இடத்தை வெற்றிடமாக விட்டு வெளிவந்தது. அந்த வெள்ளை இடத்தைப் பார்த்த வாசகர், இங்கே ஏதோ தடுக்கப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொண்டார். தொலைக்காட்சிக்கு அந்த வசதி கிடையாது. நீலத் திரையைப் பார்க்கும் நேயர், கேபிள் அறுந்திருக்கும் என்றோ, மாதச் சந்தா முடிந்திருக்கும் என்றோ, கட்டணத் தகராறு என்றோ நினைத்துக்கொண்டு அடுத்த சேனலுக்குப் போய்விடுவார். தடுத்தவரின் கைரேகை எங்குமே பதிவதில்லை. அன்றிரவு தொலைபேசியில் பேசிய பெரியவரும் அப்படித்தான் நினைத்தார், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை எங்கள் வழக்கறிஞரிடம் உட்கார்ந்தபோதுதான், சட்டம் என்ன சொல்கிறது என்பதை நான் வரிவரியாகப் படித்தேன். இத்தனை ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தும் அதற்கு முன் படிக்கவில்லை என்பதை வருத்தத்துடனேயே சொல்கிறேன். அரசியலமைப்பில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக ஓர் உரிமை எழுதப்படவில்லை. 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தரும் பேச்சு, கருத்து வெளிப்பாட்டு உரிமைக்குள்ளேயே அது அடங்கியிருப்பதாக உச்ச நீதிமன்றம் 1950இலேயே சொல்லிவிட்டது. அந்த வழக்குகளில் ஒன்று அன்றைய சென்னை அரசுக்கு எதிரானது: ஓர் ஆங்கில வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று போட்ட தடையை, ரொமேஷ் தாப்பர் வழக்கில் நீதிமன்றம் நீக்கியது. அடுத்த ஆண்டே முதலாவது திருத்தம் வந்து, 'பொது ஒழுங்கு' என்ற சொல், அந்த உரிமைக்கு வரம்பு வைக்கும் 19(2)இல் சேர்க்கப்பட்டது. கூடவே, கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் சேர்ந்தது. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையேதான் இன்றுவரை எங்கள் தொழில் நடந்துகொண்டிருக்கிறது.

கேபிளுக்கென்று 1995இல் தனிச் சட்டம் வந்தது. அதன் 19ஆவது பிரிவின்படி, மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான நடுவர், காவல் ஆணையர் போன்ற அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவர், ஒரு நிகழ்ச்சியோ அலைவரிசையோ, எதை ஒளிபரப்பக் கூடாது என்று சொல்லும் நிகழ்ச்சி விதிகளுக்கு முரணாக இருந்தாலோ, சமயம், இனம், மொழி, சாதி முதலியவற்றின் பெயரால் பகைமையை வளர்த்துப் பொது அமைதியைக் குலைக்கக்கூடியது என்று கருதினாலோ, தன் எல்லைக்குள் அதைக் கேபிளில் அனுப்பக் கூடாது என்று தடுக்கலாம். 20ஆவது பிரிவு இதைவிடப் பெரிய அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. படித்துக்கொண்டு வந்தபோது வழக்கறிஞர் ஒரு சொல்லின் கீழே பென்சிலால் கோடிட்டார். தடுக்கலாம் என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை, 'ஆணையின் மூலம்' தடுக்கலாம் என்கிறது. ஆணை என்றால் அதற்கு எண் இருக்கும், தேதி இருக்கும், பிரிவு இருக்கும், கையெழுத்து இருக்கும், காரணம் இருக்கும். காரணம் இருந்தால் அதை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் கேள்வி கேட்க முடியும். தொலைபேசி அழைப்பை எந்த நீதிமன்றத்தில் கொண்டுபோய் ரத்து செய்யச் சொல்வது?

அந்த முதல் இரவில் நாங்கள் செய்த தவறுகளை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கும் இளைய செய்தியாளர்களுக்கு அவைதான் பயன்படும். முதல் தவறு என்னுடையது. நேயர்களின் அழைப்புகளை நான் எழுதிவைக்கவில்லை. எத்தனை மணிக்கு, எந்த ஊரிலிருந்து, எந்தக் கேபிள் இணைப்பில் நின்றது என்ற குறிப்பு எதுவும் இல்லை. இரண்டாவது தவறு, திரையின் அடியில் ஓடும் எழுத்து வரியான டிக்கரில் 'அரசு முடக்கியது' என்று பத்தே கால் மணிக்கு ஒரு வரியை ஓடவிட்டது. முடக்கியது யார் என்பதற்கு அந்த நிமிடத்தில் எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. செய்தி ஆசிரியர் வீட்டிலிருந்து அழைத்து அதை எடுக்கச் சொன்னார். 'இந்த மாவட்டத்தின் கேபிள் இணைப்புகளில் இரவு 8.30க்குப் பிறகு எங்கள் ஒளிபரப்பு தெரியவில்லை. காரணம் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை' என்று மாற்றினோம். அந்த மாற்றம் கோபத்தைக் குறைத்துக்கொள்வது போல அப்போது தோன்றியது. பின்னால் வழக்கறிஞர், அந்த இரண்டாவது வாசகம்தான் உங்களைக் காப்பாற்றும் என்றார்.

மூன்றாவது தவறு இன்னும் பெரியது, அது பதினொரு நாள் கழித்துத் தெரிந்தது. ஒளிபரப்பான நிகழ்ச்சிகளை 90 நாட்கள் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்பது அனுமதி நிபந்தனைகளில் ஒன்று. அதனால் அது பத்திரமாக இருந்தது. ஆனால் வெட்டப்படாத மூலக் காட்சிகளை எங்கள் சர்வர் ஏழு நாட்கள்தான் வைத்திருக்கும். பிறகு அதன் மேலேயே புதிய காட்சிகள் பதிவாகிவிடும். அந்த நாற்பது விநாடிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதைக் காட்டும் பதினாறு நிமிடக் காட்சி அப்படியே போய்விட்டது. காட்சியைத் திரித்து வெட்டி, பாதி உண்மையைக் காட்டினீர்கள் என்று நிகழ்ச்சி விதிகளைச் சுட்டிக் காரணம் கேட்கும் நோட்டீஸ் வந்தபோது, எங்களைக் காப்பாற்றியது எங்கள் நிறுவனத்தின் எந்த ஏற்பாடும் இல்லை. மாவட்டச் செய்தியாளர் தன் வீட்டு அலமாரியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்தான் காப்பாற்றியது. எதை எடுத்தாலும் இரண்டு இடத்தில் வைப்பது அவருடைய பழக்கம். ஒரு செய்திக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்கும் மனிதர் அவர். அந்தச் செய்திக்காக அவருக்குக் கிடைத்த தொகையை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

இடையில் மூன்று இரவுகள் கடந்தன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, கேபிள் நிறுவனம் ஓர் அலைவரிசையை நிறுத்துவதற்கு முன் காரணத்தைக் குறிப்பிட்டுக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாக எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மீறினால் டிடிசாட் என்று நாங்கள் சொல்லும், தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல், கேபிள் நிறுவனத்துக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினோம். எங்கள் அலைவரிசை நின்ற நேரம், நின்ற ஊர்கள், அப்படி நிறுத்தச் சட்டப்படி ஆணை ஏதும் உங்களுக்கு வந்ததா, வந்திருந்தால் அதன் நகலைத் தாருங்கள், வரவில்லை என்றால் எந்த அடிப்படையில் நிறுத்தினீர்கள் என்ற நான்கு விஷயங்கள்தான் அதில் இருந்தன. வசைச் சொல் ஒன்றுகூட இல்லை. நகல் மாவட்ட நிர்வாகத்துக்கும் போனது. எந்தப் பதிலும் வரவில்லை. ஞாயிறு காலை, யாரும் எதுவும் சொல்லாமலே எங்கள் அலைவரிசை திரும்ப வந்தது. கடிதத்தால்தான் வந்தது என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் எழுத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல யாரும் விரும்பவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நோட்டீஸுக்குப் பதில் எழுதியபோது கற்றது வேறு பாடம். நிகழ்ச்சி விதிகள் 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளின் 6ஆவது விதியில் இருக்கின்றன. அதில் அவதூறு, பொய், பாதி உண்மை, வன்முறையைத் தூண்டுவது, சட்டம் ஒழுங்குக்கு எதிரானது, தேச விரோத மனப்பான்மையை வளர்ப்பது என்று அகலமான சொற்கள் வரிசையாக வருகின்றன. இத்தனை அகலமான சொற்களுக்குப் பொதுவான மறுப்பு எழுதினால் அது கரைந்துபோகும். 'குற்றம் சாட்டப்படும் காட்சி எந்த நிமிடத்தில் எந்த விநாடி, அது எந்த உட்பிரிவை மீறுகிறது, புகாரின் நகல் எங்கே' என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு முழுக் காட்சியையும், அதைப் பதிவு செய்த கருவியின் விவரத்தையும், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழையும் இணைக்க வேண்டும். அப்போது அந்தச் சான்றிதழுக்கு இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலைக்குப் பிறகு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவு. காவல்துறையின் விளக்கத்தைக் கேட்டு நாங்கள் எடுத்த முயற்சிகளுக்கும் நேரக் குறிப்பு கொடுத்தோம். மதியம் 12.20, 12.45, மாலை 5.10 என்று மூன்று அழைப்புகள் போயிருந்தன. பதில் கிடைக்கவில்லை என்பதை ஒளிபரப்பிலேயே சொல்லியிருந்தோம். அந்த ஒற்றை வாக்கியம் பதிவில் இருந்தது எங்கள் பக்கத்துக்குப் பெரும் பலம்.

காகிதம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. காகிதத்தையே உறைக்குள் வைத்து ஒட்டிவிட்ட வழக்கும் நடந்தது. 2022 ஜனவரி 31 அன்று மலையாளச் செய்தி அலைவரிசையான மீடியா ஒன்னின் ஒளிபரப்பு அனுமதியைப் புதுப்பிக்க மத்திய அரசு மறுத்தது. பாதுகாப்பு ஒப்புதல் மறுக்கப்பட்டது என்பதற்கு மேல் காரணம் சொல்லப்படவில்லை. காரணங்கள் முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளிடம் மட்டும் காட்டப்பட்டன. கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியும், பிறகு அமர்வும் அதை ஏற்றுக்கொண்டார்கள். மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக ஒளிபரப்பை அனுமதித்தது. 2023 ஏப்ரல் 5 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி ஹிமா கோலி ஆகியோரின் அமர்வு தடையை ரத்து செய்து, நான்கு வாரத்துக்குள் அனுமதியைப் புதுப்பிக்கச் சொன்னது. அரசின் கொள்கைகளை விமர்சிப்பதை அரசுக்கு எதிரான செயலாகக் கருத முடியாது என்றும், தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டு மறுதரப்புக்குக் காரணமே காட்டாமல் போவது இயற்கை நீதிக்கு விரோதம் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் எங்கள் செய்தி அறையில் நாங்கள் கைதட்டினோம். போட்டி நிறுவனம், வேறு மொழி என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை.

தமிழ்நாட்டிலிருந்தே போன இன்னொரு தீர்ப்பை ஒவ்வொரு மாவட்டச் செய்தியாளரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவதைச் சிறை அதிகாரிகள் தடுக்க முயன்ற வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தங்களை அவதூறு செய்துவிடுவார்கள் என்ற அச்சத்தின் பேரில் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ சட்டத்தில் அதிகாரம் இல்லை என்றது. வெளியான பிறகு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். "நாளைக்குப் போடாதீங்க" என்று அழைக்கும் எவருக்கும் நான் இப்போது பணிவாக இந்த வழக்கைத்தான் நினைவூட்டுகிறேன்.

எல்லாக் கட்டுப்பாடும் அடக்குமுறை என்று நான் நினைக்கவில்லை. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது கமாண்டோக்கள் கட்டடத்தில் இறங்குவதை அலைவரிசைகள் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்த தாக்குதல்காரர்களை எல்லைக்கு அப்பாலிருந்து இயக்கியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2015இல் 6ஆவது விதியில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது: தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரியின் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓர் உயிரைக் காக்கும் அந்தத் தாமதத்தை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் அதே உட்பிரிவைக் காட்டி 2016 நவம்பர் 9 அன்று இந்திச் செய்தி அலைவரிசையான என்டிடிவி இந்தியா ஒரு நாள் முழுவதும் ஒளிபரப்பை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டார்கள். பஞ்சாபின் பதான்கோட் விமானப்படைத் தளத் தாக்குதல் பற்றிய செய்தி அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த ஆணை எழுத்தில் இருந்தது. எதைக் குற்றம் என்கிறார்கள் என்று நாடே படித்து விவாதித்தது. உச்ச நீதிமன்றத்துக்கு மனு போனது. குறித்த நாள் வருவதற்கு முன்பே அது நிறுத்தி வைக்கப்பட்டது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, தடை வராத நாட்களில் எங்கள் மேசையில் நடப்பது. அந்த மூன்று இரவுகளுக்குப் பிறகு ஒரு மாதம் கழித்து, வேறோர் ஊரில் நடந்த தடியடிச் செய்தியைத் துணையாசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். 'காவல்துறை தடியடி நடத்தியது' என்று அவர் முதலில் தட்டச்சு செய்ததை, அன்றைய செய்திகளின் வரிசைப் பட்டியலான ரன்டவுனின் பழைய பதிப்பில் பார்த்தேன். அதை அவரே அழித்து, 'கூட்டத்தினர் கலைக்கப்பட்டனர்' என்று மாற்றியிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. யார் கலைத்தார்கள், எதைக் கொண்டு கலைத்தார்கள் என்பது அந்த வாக்கியத்திலிருந்து காணாமல் போயிருந்தது. அருகில் உட்கார்ந்து கேட்டபோது, "எதுக்கு சார் திரும்பப் பிரச்சினை" என்றார். கெட்டிக்காரப் பிள்ளை, பயந்தவரும் கிடையாது. ஒரு மாவட்டத்தின் நீலத் திரை, நானூறு கிலோமீட்டர் தாண்டி வந்து அவருடைய செயப்பாட்டு வினையில் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த வாக்கியத்தைப் பழையபடி மாற்றினோம். அன்றிலிருந்து அச்சத்தில் மாற்றப்படும் வாக்கியங்களைத் தேடிப் பார்ப்பதும் என் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. எழுவாய் காணாமல் போயிருந்தால் அங்கே நின்று கேள்வி கேட்பேன்.

செய்தி மேசையில் ஒரு தடித்த அட்டைப் பதிவேடு வைத்தோம். செய்தி தொடர்பாக வெளியிலிருந்து யார் அழைத்தாலும், அமைச்சர் அலுவலகமோ, விளம்பரதாரரோ, காவல் நிலையமோ, கட்சிக்காரரோ, தேதி, நேரம், எண், சொன்னவர் தன்னை யார் என்று சொன்னார், என்ன கேட்டார், நாம் என்ன பதில் சொன்னோம் என்று எழுத வேண்டும். பதிலாக எல்லோரும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "உங்கள் மறுப்பை எழுத்தில் கொடுங்கள், அடுத்த செய்தியிலேயே போடுகிறோம். நிறுத்த வேண்டும் என்றால் எந்தப் பிரிவின் கீழ் என்று ஆணையாகக் கொடுங்கள்." குரலை உயர்த்தக் கூடாது. முதல் பாதியை உளமாரச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சில நேரம் அழைப்பவர் பக்கமே உண்மை இருக்கும். அப்படி இரண்டு முறை நாங்கள் திருத்தம் வெளியிட்டிருக்கிறோம். மூலக் காட்சிகளை ஆறு மாதம் வைத்திருக்கத் தனிச் சேமிப்பகம் வாங்கினோம். மாவட்டச் செய்தியாளர்களுக்கு நியமனக் கடிதம் கொடுத்தோம். அதுவரை அவர்களில் பலரிடம் அடையாள அட்டை தவிர வேறு காகிதம் கிடையாது. தொலைபேசி மிரட்டல் முதலில் போய்ச் சேருவது அவர்களிடம்தான், சென்னையில் குளிரூட்டிய அறையில் இருக்கும் எங்களிடம் கிடையாது.

ஓராண்டு கழித்து, அதே மாவட்டத்திலிருந்து, மணல் அள்ளுவது பற்றிய ஒரு செய்தி வந்தது. மாலை ஆறே முக்கால் மணிக்கு எங்கள் செய்தியாளர் என்னை அழைத்தார். "சார், போன தடவை பேசின அதே குரல்தான். நிறுத்துங்கன்னாரு. எழுத்துல குடுங்க சார், இப்பவே ஆபீசுக்கு அனுப்பிடறேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. திரும்பக் கூப்பிடறேன்னு வச்சிட்டாரு." பதிவேட்டில் 6.47 என்று எழுதினேன். ஏழே முக்கால் வரை காத்திருந்தோம். மறுப்பு எதுவும் வரவில்லை. எட்டு மணிச் செய்தியில் அது மூன்றாவதாகப் போனது.